நீதிபதி தேர்தல்: முகம் தெரியாத மூன்று பேரில் யாருக்கு ஓட்டு?

கேள்வி: லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியில், டாரன்ஸில் இருக்கிறோம். போன வருடம்தான் குடியுரிமை கிடைத்தது. ஜூன் 2 ப்ரைமரிதான் (நவம்பருக்கு முந்தைய முதல் சுற்று) எனக்கு இங்கே முதல் தேர்தல். கவர்னர், காங்கிரஸ் எல்லாம் ஓரளவு புரிகிறது. அதற்குக் கீழே ‘சுப்பீரியர் கோர்ட் நீதிபதி’ என்று எண் போட்ட இடங்கள் வருகின்றன. ஓர் இடத்துக்கு மூன்று பேர்: ஒருவர் டெபுடி டிஸ்ட்ரிக்ட் அட்டர்னி (குற்ற வழக்குகளில் அரசு வழக்கறிஞர்), ஒருவர் கோர்ட் கமிஷனர், இன்னொருவர் தனியாகத் தொழில் செய்யும் அட்டர்னி. அந்த அட்டர்னிக்கு இந்தியப் பெயர். எங்கள் வாட்ஸாப் குழுவில் ‘நம்ம ஆளு, யோசிக்காம போடுங்க’ என்கிறார்கள். டெபுடி டிஸ்ட்ரிக்ட் அட்டர்னியை ஒரு பொங்கல் விழாவில் பார்த்தேன். நாங்கள் வாடகைக்கு விட்ட காண்டோவில் (அடுக்கக வீடு) குடியிருப்பவர் சில மாதங்களாக வாடகை தரவில்லை. ‘இந்த மாதிரி வழக்கில் நீங்கள் யார் பக்கம்?’ என்று அவரிடம் கேட்டேன். சிரித்து மழுப்பிவிட்டார். வேறோர் இடத்தில் இப்போதைய நீதிபதியை எதிர்த்தே ஒருவர் நிற்கிறார். அந்த நீதிபதி சொன்ன ஒரு தீர்ப்பைத் திட்டி வீடியோ சுற்றுகிறது. ‘தெரியாததைத் தொடாதே, காலியாக விடு’ என்கிறார் என் கணவர். நம் ஊரில் நீதிபதியை யாரும் ஓட்டுப் போட்டு வைப்பதில்லை. எதை வைத்து ஒப்பிடுவது? — டாரன்ஸ் வாசகி

பதில்: வேட்பாளர்களின் பெயரையும் எழுதியிருந்தீர்கள், எடுத்துவிட்டேன். நான் தொழில் செய்யும் கோர்ட்டுக்கு நாளை வந்து உட்காரப் போகிறவர்கள் அவர்கள். இன்னாருக்குப் போடுங்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. எப்படிப் பார்ப்பது என்பதை மட்டும் சொல்கிறேன்.

முதலில் அந்தப் பொங்கல் விழா. அன்று அவர் செய்தவற்றில் உருப்படியான காரியம் அந்த மழுப்பல்தான் என்பேன். கலிபோர்னியாவின் நீதித்துறை ஒழுக்க விதிகளில் ஐந்தாவது விதி தேர்தலில் நிற்பவர்களுக்கானது. கோர்ட்டுக்கு வரக்கூடிய ஒரு விவகாரத்தில் இப்படித்தான் முடிவெடுப்பேன் என்று வேட்பாளர் வாக்குக் கொடுக்கக் கூடாது. வாக்குக் கொடுத்த மாதிரி தோன்றும்படி பேசவும் கூடாது. 2002-இல் மின்னசோட்டா வழக்கொன்றில், வேட்பாளர் தன் கருத்தைச் சொல்வதையே தடை செய்வது பேச்சுரிமைக்கு எதிரானது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. அதனால் சட்டத்தைப் பற்றிப் பொதுவாகப் பேசலாம். ‘வீட்டுக்காரர் பக்கம்தான் நான்’ என்று சொல்ல முடியாது. உங்களிடம் அப்படிச் சொல்லியிருந்தால், அடுத்த வாரம் வாடகைதாரர் சங்கக் கூட்டத்தில் என்ன சொல்லியிருப்பார் என்று யோசித்துப் பாருங்கள்.

அடுத்த முறை யாராவது மாட்டினால் கேள்வியை மாற்றிக் கேளுங்கள். வக்கீல் வைக்க வசதியில்லாமல் தனியாக வந்து நிற்பவரிடம் எப்படி நடந்துகொள்வீர்கள்? கடைசியாக ஜூரி முன்னால் வாதாடியது எப்போது? உங்களுக்குப் பழக்கமில்லாத சட்டப் பிரிவில் போட்டால் என்ன செய்வீர்கள்? இவற்றுக்கெல்லாம் பதில் சொல்ல எந்த விதியும் தடையில்லை. இதற்கும் மழுப்பினால் அதைக் கணக்கில் வைத்துக்கொள்ளலாம். இன்னொன்று, உங்கள் காண்டோ விவகாரம் வழக்காகப் போனால் இவர்கள் யாரிடமும் அதைப் பற்றி மூச்சு விடாதீர்கள். கமிஷனரோ நீதிபதியோ, வழக்கைக் கேட்கப் போகிறவரிடம் எதிர்த்தரப்பு இல்லாதபோது பேசுவது உங்களுக்குத்தான் பாதகம்.

பழக்கமில்லாத பிரிவு என்று ஏன் சொல்கிறேன் என்றால், பெரும்பாலோருக்குத் தெரியாத விஷயம் ஒன்று இருக்கிறது. வாக்குச்சீட்டில் இருக்கும் ‘ஆபீஸ் நம்பர்’ வெறும் அடையாள எண்தான். அந்த எண்ணுக்கும் டாரன்ஸுக்கும் சம்பந்தம் இல்லை, கிரிமினலா சிவிலா என்பதற்கும் சம்பந்தம் இல்லை. லாஸ் ஏஞ்சலஸ் சுப்பீரியர் கோர்ட் நாட்டிலேயே பெரிய விசாரணை நீதிமன்றம், சுமார் ஐந்நூறு நீதிபதிகள். யார் எங்கே உட்காருவது என்பதை அந்தக் கோர்ட்டை நிர்வகிக்கும் பிரிசைடிங் ஜட்ஜ் தீர்மானிக்கிறார். இருபது வருடம் கொலை வழக்கு நடத்தியவரை மான்டரி பார்க்கில் உள்ள எடெல்மன் குழந்தைகள் நீதிமன்றத்தில் போடலாம். பெற்றோரிடமிருந்து பிள்ளையைப் பிரிப்பதா வேண்டாமா என்று தினமும் முடிவெடுக்கும் இடம் அது. டிராஃபிக், விவாகரத்து, வாடகை வழக்கு, உயில் என்று எங்கே வேண்டுமானாலும் போகலாம், சில வருடங்களில் மாற்றியும் போடுவார்கள். ஆறு வருடப் பதவிக்காலத்தில் அவர் என்னென்ன வழக்குக் கேட்பார் என்பது அவருக்கே தெரியாது.

ஆகவே எந்தத் துறையில் நிபுணர் என்பதைவிட, தெரியாததைப் படித்துக்கொள்வாரா, தன் பக்கம் இல்லாதவரையும் முழுசாகப் பேசவிட்டுக் கேட்பாரா என்பதற்குத்தான் நான் அதிக மதிப்பெண் கொடுப்பேன். இதை வைத்து உங்கள் மூவரையும் பார்க்கலாம்.

டெபுடி டிஸ்ட்ரிக்ட் அட்டர்னி என்ற பதவிப் பெயருக்கு இந்தக் கவுண்டித் தேர்தலில் எப்போதுமே நல்ல விலை. ஒரு காலத்தில் ‘கேங் கொலை வழக்கு அரசு வழக்கறிஞர்’ என்பது போன்ற பட்டங்களை வாக்குச்சீட்டிலேயே போட்டுக்கொண்டார்கள். ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்காளர்களில் பலர் அந்த ஒரு வரியை மட்டும் பார்த்துப் போட்டுவிட்டுப் போவார்கள். 2017-இல் வந்த சட்டம் இதற்கு ஒரு கடிவாளம் போட்டது. அரசு வேலையில் இருக்கும் வக்கீல் தன் உண்மையான பதவிப் பெயரைத்தான் போட வேண்டும். சீட்டில் போட முடியாததை இப்போது நோட்டீஸில் போடுகிறார்கள், அது வேறு விஷயம். அரசு வழக்கறிஞர்களின் பலம் என்னவென்றால், கோர்ட்டிலேயே வாழ்ந்தவர்கள். சாட்சி விதிகள் விரல் நுனியில் இருக்கும், ஜூரியோடு பழக்கம் இருக்கும். நான் விசாரிக்கச் சொல்வது அவரோடு மோதிய பப்ளிக் டிஃபெண்டர்களிடம் (வசதியில்லாத குற்றம் சாட்டப்பட்டவர்களுக்காக அரசு செலவில் வாதாடும் வக்கீல்கள்). குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சாதகமான சாட்சியம் கையில் கிடைத்தால் தாமதிக்காமல் எதிர்த்தரப்புக்குக் கொடுப்பவரா, கேட்டுக் கேட்டுத்தான் வாங்க வேண்டுமா? அந்த ஒரு விஷயத்தில் ஆளைத் தெரிந்துகொள்ளலாம். 2022-இலும் 2024-இலும் பப்ளிக் டிஃபெண்டர்கள் சிலர் இங்கே ஓர் அணியாகச் சேர்ந்து நின்றார்கள். அவர்களைப் பற்றி என்னிடம் கேட்டவர்களுக்கும் இதையேதான் திருப்பிச் சொன்னேன்: எதிரே நின்ற அரசு வழக்கறிஞர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேளுங்கள். பெண் கொடுக்கும் முன் மாப்பிள்ளை வேலை பார்க்கும் இடத்தில் விசாரிக்கிறோமே, அவருடைய அண்ணனையா கேட்கிறோம்?

கமிஷனர் என்பது நம்மவர்களுக்கு விளங்காத பதவி. போலீஸ் கமிஷனர் மாதிரி ஏதோ என்று நினைத்துவிடுவார்கள். இவர் கோர்ட்டின் நீதிபதிகளே சேர்ந்து நியமிக்கும் துணை நீதி அலுவலர். டிராஃபிக், சிறு தொகை வழக்கு, குழந்தைப் பராமரிப்புத் தொகை மாதிரியான, கூட்டம் அதிகமுள்ள வழக்குகளை இவர்கள் பார்க்கிறார்கள். அதைத் தாண்டிய பல வழக்குகளில் இரு தரப்பும் சம்மதித்தால் நீதிபதியாகவே இருந்து கேட்கலாம். சம்மதித்தால் என்பதைக் கவனியுங்கள். தினமும் வந்து போகும் வக்கீல்கள் ஒரு கமிஷனருக்கு யோசிக்காமல் சம்மதம் கொடுக்கிறார்களா, ‘எங்களுக்கு ஜட்ஜ்தான் வேண்டும்’ என்று ஒதுங்குகிறார்களா என்பது அந்தக் கட்டடத்தில் எல்லோருக்கும் தெரியும். மூவரில் இவர் ஒருவரைத்தான் நீங்கள் நேரில் போய், நீதி வழங்கும் வேலையிலேயே பார்க்க முடியும். ஆனால் அந்த நாற்காலியில் பல வருடம் இருந்தார் என்பதே தகுதி ஆகிவிடாது. காலையில் எண்பது கேஸ் முடித்துப் பழகியவர்களில் சிலருக்கு எதிரே நிற்பவரின் முகமே மறந்து போயிருக்கும்.

தனி அட்டர்னி பற்றி வெளியிலிருந்து பார்த்தால் குறைவாகத்தான் தெரியும். சட்டம் கேட்கும் தகுதி ஒன்றே ஒன்றுதான்: கலிபோர்னியா பாரில் (வக்கீல்கள் பதிவு செய்யும் அமைப்பு) பத்து வருடம் உறுப்பினராகவோ இந்த மாநிலத்தில் நீதிபதியாகவோ இருந்திருக்க வேண்டும். கோர்ட் வாசலை மிதித்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை. பத்து வருடம் கம்பெனி ஒப்பந்தம் மட்டும் எழுதியவரும் நிற்கலாம், அவருடைய பட்டமும் ‘அட்டர்னி’தான். அதனால் அவர் எந்த மாதிரி வழக்கு நடத்துகிறார், விசாரணை வரை கொண்டுபோயிருக்கிறாரா என்று அவருடைய இணையதளத்தில் தேடுங்கள். இன்னொரு நல்ல அடையாளம் உண்டு. இங்கே அனுபவமுள்ள வக்கீல்கள் பயிற்சி எடுத்துக்கொண்டு, சம்பளமில்லாமல் தற்காலிக நீதிபதியாக டிராஃபிக், சிறு தொகை வழக்குகளைக் கேட்கலாம். அதைப் பல வருடம் செய்திருந்தால், பதவி ஆசை வருவதற்கு முன்பே அந்த வேலை மேல் ஆசை இருந்திருக்கிறது என்று அர்த்தம்.

இப்போது ‘நம்ம ஆளு’ விஷயம். இதற்கு 2006-இல் இதே கவுண்டியில் நடந்ததைச் சொல்கிறேன். ஜின்ட்ரா ஜேனவ்ஸ் என்று ஒரு நீதிபதி. லாட்வியாவைச் சேர்ந்த பெயர். இருபது வருட அனுபவம். லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டி பார் அசோசியேஷன் (வக்கீல்கள் சங்கம்) அவருக்குக் கொடுத்தது மிக உயர்ந்த மதிப்பீடு. அவரை எதிர்த்து நின்றவர் லின் டயான் ஓல்சன். சட்டம் படித்தவர்தான், ஆனால் கணவரோடு சேர்ந்து பேகல் (வளைய ரொட்டி) கடை நடத்திக்கொண்டிருந்தார். பார் அசோசியேஷன் அவரைத் ‘தகுதியில்லை’ என்றது. ஜெயித்தது ஓல்சன். வாயில் நுழையாத பெயர்தான் ஜேனவ்ஸைத் தோற்கடித்தது என்று சட்ட வட்டாரத்தில் பலரும் சொன்னார்கள். கவர்னராக இருந்த அர்னால்ட் ஷ்வார்ஸ்நெக்கர் (அவர் பெயரும் சுலபமான பெயர் இல்லை) சில நாளிலேயே ஜேனவ்ஸை வேறொரு காலியிடத்தில் நியமிக்கப்போவதாக அறிவித்து, அப்படியே செய்தார்.

பெயரைப் பார்த்து ஓட்டுப் போடும் பழக்கம் ஜேனவ்ஸை என்ன செய்ததோ, அதையே சுப்பிரமணியத்தையும் செய்யும். கவுண்டியில் நம் ஓட்டு எத்தனை, நம் பெயரை உச்சரிக்கத் தெரியாதவர்கள் ஓட்டு எத்தனை? பெயர்தான் அளவுகோல் என்றால் நாம் எப்போதும் தோற்கும் பக்கம்தான். உங்கள் மூன்றாவது வேட்பாளர் நல்லவராகவே இருக்கலாம். அவருடைய தகுதியை விசாரித்துப் போடுங்கள், அவருக்கும் அதுதான் மரியாதை. குழுவில் இதைச் சொன்னால் சண்டை வரும், தெரியும். எனக்கும் வந்திருக்கிறது.

பார் அசோசியேஷன் மதிப்பீடு என்றேனே, அதைக் கட்டாயம் பாருங்கள். நாலு படிகள்: மிகச் சிறந்த தகுதி, நல்ல தகுதி, தகுதி, தகுதியில்லை. வேட்பாளர் ஒரு நீண்ட கேள்வித்தாளை நிரப்ப வேண்டும். அவரோடு வேலை செய்தவர்கள், அவரை எதிர்த்து வாதாடியவர்கள், அவர் யார் முன்னால் வாதாடினாரோ அந்த நீதிபதிகள் ஆகியோரிடம் குழு ரகசியமாக விசாரிக்கும், பிறகு நேர்காணல். உங்களாலும் என்னாலும் தனியாகச் செய்ய முடியாத வேலை இது. ஆனால் அதை வாசிக்கத் தெரிய வேண்டும். ‘தகுதி’ என்பது சும்மா வாசலைத் தாண்டியதற்கான மதிப்பெண். மேல் இரண்டு படிகளுக்குள் வித்தியாசம் பார்த்து மண்டையை உடைத்துக்கொள்ளாதீர்கள். ‘தகுதியில்லை’ என்று வந்தால் மட்டும் நின்று யோசியுங்கள், அத்தனை பேர் ஏதோ சொல்லியிருக்கிறார்கள். வக்கீல்கள் கூட்டம் போட்டுக் கொடுக்கும் மதிப்பெண் என்பதால் பெரிய ஆபீஸ்களில் இருப்பவர்களுக்குச் சிபாரிசு சொல்ல ஆள் அதிகம், தனியாக ஒரு மேசை போட்டு உட்கார்ந்திருப்பவருக்குக் குறைவு. அந்த அளவுக்குத் தள்ளுபடி செய்து படியுங்கள். மெட்ரோபாலிட்டன் நியூஸ்-எண்டர்பிரைஸ் என்று இங்கே வக்கீல்கள் படிக்கும் ஒரு தினசரி இருக்கிறது. நீதிபதி தேர்தலை அவர்கள் அளவுக்கு நுணுக்கமாக வேறு யாரும் எழுதுவதில்லை. அவர்களுடைய சாய்வும் படிக்கப் படிக்கத் தெரிந்துவிடும்.

தபாலில் வரும் வழவழப்பான அட்டைகளைப் பற்றி ஒரு வார்த்தை. ‘இவர்களுக்கு ஓட்டுப் போடுங்கள்’ என்று கவர்னரிலிருந்து நீதிபதி வரை வரிசையாகப் பெயர் போட்டு, ஏதோ ஆசிரியர்களோ போலீஸ்காரர்களோ சேர்ந்து பரிந்துரைப்பது போல வரும். பெயருக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அந்த இடத்துக்குப் பணம் கட்டப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். அந்தக் குறியைப் போட வேண்டும் என்பது கலிபோர்னியா சட்டம், அதன் விளக்கம் பொடி எழுத்தில் ஒரு மூலையில் இருக்கும். நீதிபதி வேட்பாளர்களின் பெயரில் அந்த நட்சத்திரம் நிறையவே மின்னும். இதற்கு நேர் எதிரான தவறும் நடக்கிறது. கவுண்டி அனுப்பும் புத்தகத்தில் ஒருவருடைய அறிக்கை இல்லையென்றால் ‘இதைக்கூட எழுதவில்லையா’ என்று நினைக்கிறோம். அந்த அறிக்கைக்கு வேட்பாளர்தான் கட்டணம் கட்ட வேண்டும். இவ்வளவு பெரிய கவுண்டியில் அது பல பத்தாயிரம் டாலர். அது இல்லாததைக் குறையாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஆதரவாளர் பட்டியலில் அரசியல்வாதிகளை விட்டுவிட்டு நீதிபதிகளின் பெயரைப் பாருங்கள். பதவியில் இருக்கும் நீதிபதி வேறு எந்த அரசியல் பதவிக்கும் யாரையும் ஆதரிக்கக் கூடாது, இன்னொரு நீதிபதி வேட்பாளரை மட்டும் ஆதரிக்கலாம். அதிலும் அந்த வக்கீல் தினமும் வாதாடிய கட்டடத்து நீதிபதிகள் இருக்கிறார்களா என்று பார்ப்பது நல்லது. பணம் யார் கொடுத்தார்கள் என்பது 460 என்ற படிவத்தில் இருக்கும், பொதுப் பார்வைக்கு உண்டு. பெரும்பாலும் சொந்தப் பணம், உறவினர், சக வக்கீல்கள்தான் இருப்பார்கள். ஒரே தொழிலிலிருந்து, ஒரே கம்பெனியிலிருந்து குவிந்திருந்தால் கவனியுங்கள். மேற்கு வர்ஜீனியாவில் நிலக்கரிக் கம்பெனித் தலைவர் ஒருவர், தன் கம்பெனியின் மேல்முறையீடு வரவிருந்த நேரத்தில், மாநில உச்ச நீதிமன்றத் தேர்தலில் ஒரு வேட்பாளருக்கு ஆதரவாக 30 லட்சம் டாலர் செலவழித்தார். ஜெயித்து வந்த அந்த நீதிபதி வழக்கிலிருந்து விலகாமல் கம்பெனிக்குச் சாதகமாக ஓட்டளித்தார். விலகியிருக்கத்தான் வேண்டும் என்று 2009-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டி வந்தது. நம் கவுண்டித் தேர்தலில் அந்த அளவு பணம் புரளுவதில்லை, ஆனால் பார்க்கும் பழக்கம் நல்லது.

ஒழுங்கு நடவடிக்கை ஏதாவது உண்டா என்பதற்கு இரண்டு இடம். வக்கீல்களுக்கு ஸ்டேட் பார் இணையதளம்: பெயரைத் தட்டினால் எந்த வருடம் சேர்ந்தார், தண்டனை உண்டா எல்லாம் வரும். நீதிபதிகளுக்கு கமிஷன் ஆன் ஜுடிஷியல் பெர்ஃபாமன்ஸ். அங்கே பகிரங்கமாகக் கண்டித்தது மட்டும் தெரியும், தனியாக எச்சரித்தது வெளியே வராது.

இனி அந்த வீடியோ. இதில் எனக்கு அழுத்தமான கருத்து உண்டு, ஒத்துப்போக வேண்டும் என்று கட்டாயமில்லை.

எதிர்ப்பில்லாத நீதிபதியின் பெயர் சீட்டிலேயே வராது, தேர்தல் இல்லாமலே அடுத்த ஆறு வருடம் கிடைத்துவிடும். பெரும்பாலோர் நடுவில் காலியான இடத்துக்கு கவர்னர் நியமித்து வந்தவர்கள். அதனால் இருக்கும் நீதிபதியின் பெயரைச் சீட்டில் பார்த்தால், இவரை ஏன் தேர்ந்தெடுத்து மோதுகிறார்கள் என்பதுதான் முதல் கேள்வி. உண்மையிலேயே மோசமான நீதிபதி என்பதால் இருக்கலாம். ஜேனவ்ஸ் மாதிரி, பெயர் பலவீனமாகத் தெரிந்ததாலும் இருக்கலாம். எந்த ‘ஆபீஸ் நம்பருக்கு’ நிற்பது என்பது எதிராளியின் விருப்பம்தானே.

ஒரு தீர்ப்புக்காக ஒருவரை இறக்கலாமா? சான்டா கிளாரா கவுண்டி நீதிபதி ஆரன் பெர்ஸ்கி விஷயம் உங்கள் பே ஏரியா நண்பர்களுக்கு நன்றாக நினைவிருக்கும். ஸ்டான்ஃபோர்ட் நீச்சல் வீரர் ஒருவருக்குப் பாலியல் தாக்குதல் வழக்கில் 2016-இல் ஆறு மாதச் சிறை கொடுத்தார். அரசுத் தரப்பு கேட்டது ஆறு வருடம். நாடே கொதித்தது, கொதித்ததில் நியாயமும் இருந்தது. ஒழுங்குக் கமிஷன் விசாரித்து, விதி மீறல் இல்லை, புரொபேஷன் (நன்னடத்தைக் கண்காணிப்பு) துறையின் பரிந்துரையை ஒட்டித்தான் தண்டனை கொடுத்திருக்கிறார் என்றது. வாக்காளர்கள் 2018 ஜூனில் பத்தில் ஆறு பேருக்கு மேல் ஓட்டுப் போட்டு அவரைப் பதவியிலிருந்து திருப்பி அழைத்தார்கள் (ரீகால்). 1932-க்குப் பிறகு கலிபோர்னியாவில் அப்படி இறக்கப்பட்ட முதல் நீதிபதி. அந்தத் தண்டனை குறைவு என்றுதான் நானும் நினைக்கிறேன். இருந்தும், அங்கே அந்த ரீகாலை எதிர்த்தவர்களில் பப்ளிக் டிஃபெண்டர்கள் பலர் இருந்ததை மறக்க முடியவில்லை. அவர்களுடைய கவலை இதுதான்: ‘தண்டனை குறைத்தால் பதவி போகும்’ என்று மற்ற நீதிபதிகளும் பாடம் படிப்பார்கள். அடுத்து அவர்கள் முன் நிற்கப்போவது ஸ்டான்ஃபோர்ட் மாணவன் இல்லை, வக்கீலுக்குப் பணமில்லாத ஏதோ ஓர் ஏழைப் பையன்.

தீர்ப்பு தப்பு என்றால் அதற்கு மேல்முறையீடு இருக்கிறது. தேர்தலில் கேட்க வேண்டியது ஆளைப் பற்றி: இது ஒரு தடவை நடந்ததா, திரும்பத் திரும்ப நடக்கிறதா? வருகிறவர்களிடம் கத்துகிறாரா, அவர்களை அவமானப்படுத்துகிறாரா, காகிதங்களைப் படிக்காமல் வந்து உட்காருகிறாரா? இதற்கு ஒரு குறுக்கு வழி சொல்லட்டுமா? கலிபோர்னியாவில் ஒவ்வொரு தரப்பும் வழக்கின் தொடக்கத்தில் ஒரே ஒரு முறை, காரணம் எதுவும் நிரூபிக்காமல், ‘இந்த நீதிபதி வேண்டாம்’ என்று மனுப் போட்டு மாற்றிக்கொள்ளலாம். இதை எங்கள் பேச்சில் ‘பேப்பர் பண்ணுவது’ என்போம். தெரிந்த வக்கீல் யாராவது இருந்தால், அந்த நீதிபதியை நிறையப் பேர் பேப்பர் பண்ணுகிறார்களா என்று மட்டும் கேளுங்கள். அவர் முகம் போகிற போக்கிலேயே பதில் கிடைத்துவிடும்.

தெரிந்த வக்கீல் இல்லையா? ஒரு காலை லீவு போடுங்கள். டாரன்ஸ் கோர்ட் உங்கள் ஊரிலேயே இருக்கிறது. கமிஷனரோ அந்த நீதிபதியோ நார்வாக்கிலோ டவுன்டவுனிலோ இருந்தாலும் போகலாம். பெரும்பாலான விசாரணைகள் பொதுமக்களுக்குத் திறந்தவை, யாரும் ஏன் வந்தாய் என்று கேட்க மாட்டார்கள். ஃபோனை அணைத்துவிட்டுப் பின் வரிசையில் உட்காருங்கள். சொன்ன நேரத்துக்குத் தொடங்குகிறாரா, பார்க்கலாம். ஆங்கிலம் தடுமாறும் ஒருவர் வந்து நிற்கும்போது மொழிபெயர்ப்பாளர் வரும்வரை காத்திருக்கிறாரா, ‘புரிகிறதல்லவா’ என்று தள்ளிவிடுகிறாரா? தோற்றவரிடம் ஏன் தோற்றார் என்று விளக்குகிறாரா? தோற்ற பிறகும் ‘நம்ம பேச்சைக் கேட்டாங்க’ என்ற எண்ணத்தோடு ஒருவர் வெளியே போவதைப் பார்த்தால், உள்ளே இருப்பவருக்கு அந்த வேலை தெரியும். அந்தக் கட்டடத்தில் வாடகை வழக்குகள் நடந்தால் அவற்றையும் கொஞ்ச நேரம் பாருங்கள். உங்கள் காண்டோ விஷயத்துக்கும் உதவும்.

உங்கள் கணவர் சொல்வதும் தப்பில்லை. ஓர் இடத்தைக் காலியாக விட்டால் மற்ற ஓட்டுகள் செல்லாமல் போகாது. விசாரித்துப் பார்த்தும் முடிவுக்கு வர முடியவில்லையென்றால் நானும் விட்டிருக்கிறேன். ஆனால் ஒரு கணக்கை அவரிடம் சொல்லுங்கள்: ப்ரைமரியிலேயே ஒருவர் பாதிக்கு மேல் வாங்கிவிட்டால் விஷயம் அங்கேயே முடிந்தது, நவம்பரில் வராது. யாருக்கும் பாதி வரவில்லையென்றால்தான் முதல் இரண்டு பேர் நவம்பருக்குப் போவார்கள். ஜூனில் ஓட்டுப் போடும் கூட்டமும் குறைவு, அதில் சீட்டின் அடிவரை வருகிறவர்கள் இன்னும் குறைவு. உங்கள் வீட்டு இரண்டு ஓட்டுக்கு அங்கே எடை அதிகம்.

நவம்பரில் மேல்முறையீட்டு நீதிபதிகளுக்கும் மாநில உச்ச நீதிமன்றத்துக்கும் ‘ஆம், இல்லை’ என்று மட்டும் கேட்டு ஒரு பட்டியல் வரும். அதில் போட்டியாளர் இல்லாததால் ஒப்பிடும் வேலையும் இல்லை. 1986-இல் தலைமை நீதிபதி ரோஸ் பேர்டும் இன்னும் இரண்டு பேரும் தோற்றதைத் தவிர, அங்கே பெரும்பாலும் ‘ஆம்’தான் ஜெயிக்கும். அதை அப்போது பேசலாம்.

சீட்டை நிரப்பியதும் ஜூன் 2 இரவு எட்டு மணிக்குள் கவுண்டியின் வாக்குப் பெட்டியில் போட்டுவிடுங்கள். கடைசி நாளில் தபாலை நம்ப வேண்டாம். உறையின் மேல் கையெழுத்துப் போட மறக்காதீர்கள். டிரைவிங் லைசென்ஸிலும் வாக்காளர் பதிவிலும் எப்படிப் போட்டீர்களோ அப்படியே போடுங்கள். அங்கே தமிழில் போட்டிருந்தால் இங்கேயும் தமிழில்தான். கையெழுத்து ஒத்துப்போகவில்லையென்றால் சரிசெய்யச் சொல்லிக் கடிதம் வரும், அதற்குப் பதில் அனுப்பும்வரை ஓட்டு எண்ணப்படாது.